கடல் இல்லாத ஊரில் நான் கட்டிய துறைமுகம்

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகையும் வாடகை வெல்டிங் மிஷினும் வைத்துத் தொழிலைத் தொடங்கியவன் நான். அந்தக் கொட்டகையிலிருந்து துறைமுகங்களுக்குச் சரக்குத் தூக்கும் சட்டங்கள் போயின. கப்பலிலிருந்து நிலக்கரி அள்ளும் இரும்புக் கிராப்புகள் போயின. பழைய இரும்பு ஏலத்தில் எடுத்த ஒரு கிரேனை நானே பிரித்து, நானே கழுவி, நானே நிமிர்த்தி வைத்தேன். லாரி ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் கப்பலின் சரக்கு அறை போல ஓர் இரும்புக் கிடங்கைக் கட்டி, அரிசி மில் மோட்டார் ஒன்றை மாட்டி, அது அலைமேல் நிற்பதுபோல ஆடும்படி செய்தேன். இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, நம் நாட்டுத் துறைமுகங்கள் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் என் யார்டுக்கு வந்து, அந்த ஆடும் கிடங்கில் சரக்கு இறக்கிப் பழகிப் போனார்கள். இத்தனையும் செய்தவன் படித்தது ஐந்தாம் வகுப்பு. வங்கியில் கடன் கேட்டால் மேனேஜர் என் செருப்பைப் பார்த்தார். என் மைத்துனர் மகன் கல்யாணப் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி, "மாமா, கொள்ளிடத்துல கப்பல் எப்ப வருது?" என்று கேட்டான். "வரும்போது உனக்கு மூட்டை தூக்குற வேலை போட்டுத் தரேன், இப்ப ரசத்தை ஊத்திக்க" என்றேன்.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன்? கடற்கரையில் இப்போது புதிதாக ஒரு பயிற்சி மையம் திறந்திருக்கிறார்கள். பல நாட்டுத் துறைமுகத் தொழிலாளிகளுக்கும் பொதுவான மையம். நல்ல காரியம். ஆனால் அங்கே கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் என் யார்டில் உண்டானது. அதைச் சுவரில் பெரிதாக எழுதி, கீழே யார் யார் பெயரையோ போட்டிருக்கிறார்கள். என் பெயர் இல்லை. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அந்தச் சுவருக்கு எதிரே நின்றுதான் முதல் நாள் வகுப்பைக் கேட்கப் போகிறீர்கள். அதனால் உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

முதலில், துறைமுகப் பயிற்சி ஏன் திருச்சியில் நடந்தது என்று கேட்பீர்கள். துறைமுகத்தில் கிரேன் சும்மா நிற்காது. கப்பல் காத்திருக்கும்போது கற்றுக்குட்டி கையில் கிரேனைக் கொடுக்க எந்த நாட்டிலும் ஆள் இல்லை. அதனால் புது ஆட்கள் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தே பழகினார்கள். பார்த்தே பழகியவர்கள் ஒருநாள் கேபினில் ஏறி, ஆடும் கப்பலில் சுமையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் திணறினார்கள். இந்தச் சங்கடம் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒன்றுதான். பக்கத்து நாடுகள் சேர்ந்து ஆட்களைப் பழக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தபோது, பழகுவதற்கு ஓர் ஆடும் கிடங்கு யாரிடமும் இல்லை. என்னிடம் இருந்தது. நான் செய்த கிராப்புகளைச் சோதித்துப் பார்க்கவே அதைக் கட்டி வைத்திருந்தேன். திட்டத்துக்கு ஒருங்கிணைப்பு அதிகாரியாக வந்தவர் கே.கே. நகரில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். என் யார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது தங்கச் சுரங்கம்ணே" என்றார். அந்த வாயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த விஜயதசமி நாள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறைகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லேத், டிரில்லிங் மிஷின், கிரேன் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அன்றைக்கு ஓட்டாமல் விடுவோம். மறுநாள் விஜயதசமியில் பூசணிக்காய் உடைத்து, மிஷினை ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தொழிலைத் தொடங்குவோம். மாலை தானாகக் காய்ந்து உதிரும்வரை அதில் யாரும் கை வைக்க மாட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் ஆரோக்கியசாமி பொன்மலைக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். ஆனால் ஆயுத பூஜை என்றால் என்னைவிட அவருக்குத்தான் மும்முரம். அந்த வருடம் அதிகாரி அவரைக் கூப்பிட்டு, "வெளிநாட்டுலேருந்து விருந்தாளிங்க வராங்க. மாலை போட்டோவுல எடுப்பா தெரியணும்" என்று சொல்லிவிட்டார். ஆரோக்கியசாமி காந்தி மார்க்கெட்டுக்குப் போய், மாப்பிள்ளைக்குப் போடுவதுபோல ஆள் உயரத்துக்கு ஒரு சம்பங்கி மாலை வாங்கி வந்து கிரேன் கொக்கியில் சுற்றிவிட்டார்.

சாதாரணமாக நாங்கள் போடுவது கையகல மாலை. அது கொக்கியோடு ஏறி இறங்கும், ஒன்றும் ஆகாது. இது அப்படியில்லை.

கிரேனின் கொக்கி உச்சிக்கு ஏறினால் கரண்டைத் துண்டித்து நிறுத்த மேலே ஒரு லிமிட் சுவிட்ச் உண்டு. கொக்கி வந்து இடித்ததும் அதன் நெம்புகோல் நகரும், மோட்டார் நின்றுவிடும். அது நகராவிட்டால் கொக்கி மேலே கயிறு ஓடும் உருளையில் போய் மோதி, கம்பிக் கயிறு அறுந்து, சுமை கீழே இருப்பவர் தலையில் விழும்.

அன்று காலை பந்தலில் விருந்தாளிகள். என்னையும் மாலையும் கழுத்துமாக அவர்களுக்கு நடுவில் உட்கார வைத்துவிட்டார் அதிகாரி. முதலில் போட்டோவுக்காக வெறும் கொக்கியை ஏற்றி இறக்கினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு குழாய்க் கட்டு ஒன்றை மாட்டி, ஆடும் கிடங்கிலிருந்து தூக்கச் சொன்னார்கள். கிடங்குக்குள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கேபினில் வங்கதேசத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஒருவர். கிடங்கின் விளிம்பில் நின்று கேபினுக்குக் கை காட்டி சிக்னல் கொடுத்தவர் ஃபைசல்; இலங்கையில் திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்தவர், அவருடைய துறைமுகத்திலிருந்து வந்த ஒரே ஆள்.

கட்டு ஏறியது. ஃபைசல் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். கேபினில் இருந்தவர் அந்த நேரம் பார்த்து போட்டோகிராபரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, லிமிட் சுவிட்ச் இருக்கிறதே, நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மோட்டார் சத்தம் மாறியது. அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில் கேட்டாலும் எழுந்துவிடுவேன். நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஓடி மெயினை அடித்து இறக்கினேன். பிரேக் பிடித்துக்கொண்டது. கொக்கிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. கீழே நின்ற இருவரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மேலே ஏறிப் பார்த்தால், முதல் தடவை ஏறியபோதே மாலையின் வாழைநார் லிமிட் சுவிட்சின் நெம்புகோலில் சுற்றி, அதை நகரவிடாமல் கட்டிப் போட்டிருந்தது. பூவெல்லாம் உதிர்ந்து நார் மட்டும் மிச்சம்.

குழாய்க் கட்டை மெல்ல இறக்கிய பிறகு ஃபைசலிடம் போனேன். "தம்பி, நீங்க விளிம்புல நின்னீங்களே. மொத தடவை ஏறுனப்ப மாலை சிக்குனது உங்களுக்குத் தெரியலையா?"

"கண்டனான் சேர்."

"கண்டீங்களா? கண்டுட்டு ஏன் கத்தல?"

அவர் சந்தனம் பூசிய கொக்கியைப் பார்த்தார். "அது உங்கட சாமி மாலை. நான் வேற ஆள். மாலையைக் கழட்டச் சொல்லி நான் சத்தம் போட்டா, வேற கதை வந்திரும் எண்டு பயந்தன். நீங்க எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீங்கள், உங்களுக்குத் தெரியாததா எண்டு நினைச்சன்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர்மேல் அல்ல. விருந்தாளி என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதரின் வாயை நாங்கள்தான் அடைத்து வைத்திருந்தோம். ஒரு நாட்டார் இன்னொரு நாட்டாரோடு சேர்ந்து வேலை செய்வது என்றால் மரியாதையாக நடந்துகொள்வது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தொங்குகிற சுமைக்குக் கீழே மரியாதை பார்த்தால் ஆள் செத்துப்போவான். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு, அந்த ஒரு சாண் இடைவெளியில் நானே கண்டுபிடித்தேன்.

அதிகாரி கண்டுபிடித்தது வேறு. சாயங்காலம் என் ஆபீஸ் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"அண்ணே, ஒண்ணும் ஆகல. விட்டுருவோம். சிக்னல் காட்டினவர் கவனக்குறைவுன்னு ரிப்போர்ட்ல போட்டு அந்த ஆளை மட்டும் ஊருக்கு அனுப்பிடுறேன்."

"கை காட்டத்தானே செஞ்சாரு? கேபின்ல இருந்தவருல்ல பாக்கல?"

"கேபின்ல இருந்தவங்க ஊர்லேருந்து ஒரு பெரிய குழுவே வந்திருக்குண்ணே. அவங்களைத் தொட்டா அடுத்த வருஷம் யாரும் வர மாட்டாங்க. இவர் தனி ஆள்."

"மாலை?"

"மாலைன்னு எழுத முடியுமா? சிரிக்க மாட்டாங்க?"

ஃபைசல் சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் அவருடைய துறைமுகத்தில் சிக்னல் வேலை போய்விடும். மறுபடி மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். அது அதிகாரிக்கும் தெரியும்.

"சார், அந்த ஆள் போனா கிரேனுக்குக் கரண்ட் கிடையாது. மெயின் பாக்ஸ் சாவி வேட்டிக்குள்ள என் டிராயர் பாக்கெட்டுல இருக்கு. போலீஸ கூட்டிட்டு வந்து எடுத்துக்குங்க."

"அண்ணே, நீங்க தொழில்ல கெட்டிக்காரர். இல்லேங்கல. ஆனா நாலு நாட்டை ஒண்ணா உட்கார வைக்கறது வேற வேலை. இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"நாலு நாட்டையும் ஒண்ணா உட்கார வைக்க வேணாம் சார். ஒரே பாடையில ஒண்ணா படுக்க வைக்காம இருந்தா போதும்."

அவர் சாவியைக் கேட்டார், கெஞ்சினார், மிரட்டினார். யார்டு என்னுடையது. கடைசியில் ஃபைசல் பெயர் ரிப்போர்ட்டில் வராது என்று எழுதிக் காட்டிய பிறகுதான் டிராயரிலிருந்து சாவி வெளியே வந்தது.

உங்களுக்கு இங்கே ஒன்று சொல்கிறேன். விபத்து தப்பியதும் யாரைக் குற்றம் சொல்லலாம் என்று தேடுகிற கூட்டம் எப்போதும் தனியாக நிற்கிறவனைத்தான் பார்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதுதான் உங்கள் தொழில். மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

மறுநாள் எல்லாரையும் தரையில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் ஊரில் தப்பு நடப்பதைக் கண்டும் வாயைத் திறக்காமல் இருப்பது எப்போது? முதலில் ஃபைசல் தன் கதையைச் சொன்னார். பிறகு வங்கதேசத்தார் ஒருவர், வயதில் மூத்தவர் கிரேனில் இருந்தால் தாங்கள் குறுக்கே பேசுவதில்லை என்றார். மாலத்தீவிலிருந்து வந்தவர், எல்லாரும் சொந்தக்காரர்கள், ஒருவரை நிறுத்தினால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக முடியாது என்றார். நம் ஊர்த் துறைமுகத்துக்காரர், "கான்ட்ராக்டர் நிக்கும்போது கத்துனா அடுத்த நாள் பேர் இருக்காதுங்க" என்றார். ஆரோக்கியசாமி கடைசியில் எழுந்து, "முதலாளி பந்தல்ல மாலையோட உட்கார்ந்திருந்தாருங்க. அப்பறம் நான் என்னன்னு சொல்றது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

அங்கேயே விதி போட்டேன். யார்டில் யார் வேண்டுமானாலும் ‘ஸ்டாப்’ என்று கத்தலாம். கத்தியதும் கிரேன் நிற்க வேண்டும். சுமை தரையில் இறங்கும்வரை கத்தியவரிடம் காரணம் கேட்கக் கூடாது. காரணம் தப்பாக இருந்தாலும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது.

இது வாயால் சொன்னால் வராது என்று எனக்குத் தெரியும். பயந்து பழகியவனிடம் பயப்படாதே என்றால் பயம் போய்விடுமா? அதனால் ஒரு பழக்கம் வைத்தேன். தினமும் நான் கேபினில் ஏறுவேன். வந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது காரணமே இல்லாமல் என்னை நிறுத்த வேண்டும். முதலாளியை, யார்டுக்குச் சொந்தக்காரனை, வயதில் எல்லாருக்கும் மூத்தவனை. நிறுத்தாதவருக்கு அன்று டீ கிடையாது.

முதல் நாள் வெகுநேரம் யாரும் என்னை நிறுத்தவில்லை. ஆரோக்கியசாமி மட்டும் ஒரு சம்சாவைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரையும் பார்க்க வைத்தே தின்றார். "திருச்சி டீ நல்லாருக்கும் தம்பிங்களா, ஒரு சத்தம் போட்டா கிடைக்கும்" என்று வெறுப்பேற்றினார். அப்போதுதான் ஃபைசல் எழுந்தார். நான் குழாய்க் கட்டை ஊசியில் நூல் கோர்ப்பதுபோல இறக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவு அழகான இறக்கம். ‘ஸ்டாப்’ என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், பக்கத்துப் பட்டறையில் லேத்கூட நின்றுவிட்டது. எனக்குச் சுருக்கென்று வந்தது. நாக்கு நுனிவரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு நிறுத்தினேன், இறக்கினேன், கீழே வந்தேன்.

"எதுக்கு தம்பி நிறுத்துனீங்க?"

"ஒண்டுமில்ல சேர். டீ வேணும்."

அதற்குப் பிறகு என்னை நிறுத்தாதவர் இல்லை. ஒரு வாரத்தில் மூத்தவர் இளையவர், எங்கள் ஊர் உங்கள் ஊர் எல்லாம் யார்டில் காணாமல் போயிற்று. பல நாட்டை ஒன்றாக உட்கார வைப்பது என்று அதிகாரி சொன்னாரே, அது யார்டு வாசல் டீக்கடை பெஞ்சில் நடந்தது.

அதற்குப்பின் எத்தனையோ குழுக்கள் வந்து போயின. எல்லாருக்கும் முதல் பாடம் அதுதான். எனக்கு முழங்கால் போனபின் யார்டை மகளிடம் விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்து உட்கார்ந்தேன். திட்டம் வளர்ந்து, கடற்கரைக்குப் போய், பெரிய மையம் ஆயிற்று. அதற்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? அதே அதிகாரி.

திறப்பு விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. பொருள் சப்ளை செய்தவர்கள் வரிசையில், கடைசிக்கு முந்தின நாற்காலி. உள்ளே போனால் ஆடும் கிடங்கு, என்னுடையதுபோலவே. ஸ்பிரிங் பட்டைக்குப் பதில் ஹைட்ராலிக், அவ்வளவுதான். சுவரில் நான் போட்ட விதி நான்கு மொழியில் எழுதியிருக்கிறது. பயிற்சிக்கு வருகிறவர்கள் தினமும் ஒருமுறை தலைமைப் பயிற்றுநரைக் காரணமில்லாமல் நிறுத்த வேண்டுமாம். டீயை மட்டும் விட்டுவிட்டார்கள். விளக்கம் சொன்ன பெண், "இது சர்வதேச நிபுணர்கள் வடிவமைச்ச முறை" என்று நல்ல தமிழில் சொன்னாள். அவள் என்ன செய்வாள், அவளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுந்து, "அந்த நிபுணர் நான்தாம்மா" என்றேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமல் பேசியே கிரேன் ஓட்டியவன் நான். பேச வேண்டியதைப் பேசிவிட்டுத்தான் வந்தேன்.

சில நாள் கழித்து அதிகாரி என் வீட்டுக்கே வந்தார். எனக்காக வரவில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகிற வழியில் வந்தார். கையில் பழத்தட்டு, சால்வை.

"அண்ணே, கோவப்படாதீங்க. உங்களை மறப்போமா? ஒரு சால்வை போத்தி போட்டோ எடுத்துக்கறோம்."

என் மனைவி உள்ளேயிருந்தே, "சால்வை வேணாம்னுடுங்க, பீரோல எடமில்ல" என்றாள்.

நான் கேட்டேன். "சார், சுவத்துல என் பேரு ஏன் இல்ல?"

"அது நாலு நாட்டுக்கும் பொதுவான மையம்ணே. தனி ஆள் பேரைப் போட்டா மத்தவங்க என்ன நெனைப்பாங்க? இது எல்லாருடைய உழைப்பு."

"பொதுவானதுன்னா உங்க பேரு எப்படி சார் வந்துச்சு? மொத வரியிலயே இருக்கே."

"அது... பதவிக்காகப் போடறதுண்ணே."

"அப்ப வேலைக்காகவும் ஒரு வரி போடுங்க."

காபியைக் குடிக்காமலே எழுந்து போனார். சால்வையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன், எடுத்துக்கொண்டு போனார்.

போன மாதம் ஃபைசல் போன் செய்தார். இப்போது அவருடைய துறைமுகத்தில் புது ஆட்களைப் பழக்குவது அவர்தான். நான் சுவர்க் கதையைச் சொன்னேன். 

"சேர், அப்ப அங்க அதுக்கு என்ன பேர் சொல்றாங்கள்?"

"ஏதோ இங்கிலீஷ்ல ஒரு பேரு வச்சிருக்காங்க தம்பி."

"இஞ்ச நாங்க அரியமங்கலம் எண்டுதான் சொல்றம். காலையில வந்ததும் பொடியன்கள் கேப்பாங்கள், இண்டைக்கு ஆர் அரியமங்கலம் போடுறது எண்டு. அது ஓர் ஊர் எண்டே பாதிப் பேருக்குத் தெரியாது."

கடலுக்கு அந்தப் பக்கம் என் யார்டு இருக்கும் ஊரின் பெயரைத் தினமும் வாயால் சொல்கிறார்கள். இந்தப் பக்கம், பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய தூரத்தில், எழுதக் கை வரவில்லை.

வெட்கமாக இல்லையா என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டுப் பார்த்தாயிற்று. இப்போது கேட்பது வேறு. அந்தச் சுவரில், விதிக்குக் கீழே, பதவிக்காரர்கள் பெயருக்கு மேலே, ஒரு வரி எழுத வேண்டும்: இந்த முறை அரியமங்கலத்தில் பெ. முத்துக்கருப்பன் யார்டில், திருகோணமலை ஃபைசல் உண்மையைச் சொன்னதால் உண்டானது. நான்கு மொழியிலும் எழுத வேண்டும். எழுத்து மற்ற எழுத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். மூலையில் சின்னதாகப் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே பயிற்சிக்குச் சேரப் போகிற நீங்கள், அது எழுதப்படும் வரைக்கும், வகுப்பில் நிபுணர்கள் என்று சொல்லும்போது கையைத் தூக்கி எந்த நிபுணர் என்று கேளுங்கள். நான் செத்த பிறகு படத்துக்கு மாலை போட்டு எழுதுகிற வேலை வேண்டாம். நான் உயிரோடு இருக்கிறேன். கண்ணாடி போட்டால் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இப்போதே எழுதுங்கள், வந்து படித்துப் பார்க்கிறேன்.